மிலனை எடுத்தால் ஆட்டம் திறக்கவில்லை: மெடீவல் 2 டோட்டல் வாரில் ஒரு தரப்பை நீக்கும்போது வரும் பிழைகள், அறிகுறி வாரியாக

என் அக்கா மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு தேசிய சேவை அழைப்புக்காகக் காத்திருக்கிறான். கையில் நேரம் நிறைய. ஈசூனில் இருக்கும் அவன் வீட்டிலிருந்து தெம்பனிஸில் இருக்கும் எனக்கு ஒரு வாரமாக வாட்ஸ்அப்பில் கணினித் திரையின் படங்கள் வந்துகொண்டிருந்தன. இடைக்கால ஐரோப்பாவின் அரசுகளை நடத்திப் போரிடும் மெடீவல் 2 டோட்டல் வார் என்ற கணினி ஆட்டத்தில், அதன் தரப்புகளில் (அதாவது அரசுகளில்) ஒன்றான இத்தாலிய மிலனை நீக்கப் பார்த்திருக்கிறான். அந்த ஆட்டத்தை ஆடியவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கூட்டணி போட்டுக் கைகுலுக்கிய மிலன் அடுத்த சில சுற்றுகளிலேயே படையோடு வந்து நிற்கும்.

"மாமா, மிலன்னு இருக்குற எல்லா ஃபைலையும் தேடி எல்லாத்தையும் அழிச்சிட்டேன். இப்ப கேம் தொறக்கவே மாட்டேங்குது."

தேடித் தேடி அழித்ததுதான் பிழை. இந்த ஆட்டம் 2006 நவம்பரில் வந்தது. அதன் தரப்புகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பெயர் ஒரு கோப்பில், கொடி இன்னொன்றில், படைகளின் உரிமை வேறொன்றில், கட்டடங்கள் மற்றொன்றில் என்று சிதறிக் கிடக்கும். ஆட்டம் திறக்கும்போது இவை ஒன்றையொன்று சரிபார்க்கும். ஓரிடத்தில் இருக்கும் பெயர் இன்னோரிடத்தில் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும்.

ஆகவே நான் சொல்லும் வழி இதுதான்: தரப்பை அழிக்காதீர்கள், காலி செய்யுங்கள். வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் குடியிருந்தவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டாலும் கதவில் யூனிட் எண் இருக்கும், கீழ்த்தளத்தில் தபால் பெட்டி இருக்கும். அதுபோல மிலன் என்ற பெயர் ஆட்டத்தின் அடிக் கோப்புகளில் அப்படியே இருக்கட்டும். வரைபடத்தில் அதற்கு நிலமும் ஆளும் இல்லாமல் செய்தால் போதும்.

தொடங்குமுன் இரண்டு விஷயங்கள். கோப்புப் பெயர்களை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன். "டெஸ்க்ர்" என்று நான் எழுதுவது டிஸ்கிரிப்ஷன் என்ற சொல்லின் சுருக்கம். பெயரின் பகுதிகளுக்கு நடுவே அடிக்கோடு இருக்கும். தொடும் எந்தக் கோப்பையும் முதலில் நகலெடுத்து வேறு அடைவில் வையுங்கள். என் மருமகன் அதைச் செய்யவில்லை. அதனால் ஆட்டத்தை நீக்கிவிட்டு முழுவதையும் மறுபடி இறக்க வேண்டியதாயிற்று.

அறிகுறி: கோப்பை மாற்றியாயிற்று, ஆட்டத்தில் எதுவும் மாறவில்லை

மிலன் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறதா? ஆட்டம் உங்கள் கோப்பைப் படிக்கவே இல்லை என்று பொருள்.

இந்த ஆட்டத்தின் தரவுகள் பெரிய பொதிகளாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆட்டத்தின் டூல்ஸ் அடைவுக்குள் அன்பேக்கர் என்று ஒன்று இருக்கிறது. அதிலுள்ள அன்பேக் ஆல் என்ற பேட்ச் கோப்பை இயக்கினால் பொதிகள் பிரிந்து, திருத்தக்கூடிய உரைக் கோப்புகளாக டேட்டா அடைவில் வந்து விழும். ஆனால் பிரித்த பிறகும் ஆட்டம் பொதியைத்தான் முதலில் பார்க்கும். வெளியே இருக்கும் கோப்பை முதலில் பார் என்று அதற்குச் சொல்ல வேண்டும். அமைப்புக் கோப்பில் ஐஓ என்ற பகுதியின் கீழ் ஃபைல் ஃபர்ஸ்ட் என்ற வரியை ட்ரூ என்று வையுங்கள்.

இதை ஆட்டத்தின் மூல அமைப்புக் கோப்பில் செய்வதைவிட மோட்ஸ் (ஆட்டத்தை மாற்றியமைக்கும் கோப்புத் தொகுப்புகள்) அடைவுக்குள் உங்களுக்கென ஒரு அடைவு உண்டாக்கி, அதற்குத் தனி அமைப்புக் கோப்பு எழுதுவது எவ்வளவோ மேல். அதில் மூன்று பகுதிகள் போதும். ஃபீச்சர்ஸ் பகுதியில் உங்கள் மோட் அடைவின் வழி, ஐஓ பகுதியில் ஃபைல் ஃபர்ஸ்ட், லாக் பகுதியில் பதிவுக் கோப்பு எங்கே போக வேண்டும் என்ற விவரம். 2007-இல் வந்த கிங்டம்ஸ் விரிவாக்கத்தின் நான்கு போர்த்தொடர்களும் (கேம்பெய்ன்) இதே முறையில்தான் இயங்குகின்றன. அவற்றில் ஒன்றின் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்து அதே வடிவில் எழுதலாம். மூல ஆட்டத்தின் கேம்பெய்ன் அடைவையும் பேஸ் அடைவையும் உங்கள் மோட் அடைவுக்குள் அதே வழித்தடத்தில் நகலெடுத்து, நகலில் மட்டும் கை வையுங்கள். எது கெட்டாலும் மூல ஆட்டம் பிழைத்துக்கொள்ளும்.

அப்படியும் மாறவில்லையென்றால் ஆட்டம் எந்த அடைவில் நிறுவப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் அடைவுக்குள் இருந்தால், நிர்வாகி உரிமை இல்லாமல் இயங்கும் பழைய நிரல்கள் எழுதுவதை விண்டோஸ் வெர்ச்சுவல் ஸ்டோர் என்ற மறைவான இடத்துக்குத் திருப்பிவிடும். பொதி பிரிக்கும் கருவி ஓரிடத்தில் எழுதும், நீங்கள் இன்னோரிடத்தில் தேடுவீர்கள். ஆட்டத்தை வேறு இயக்ககத்துக்கோ சாதாரண அடைவுக்கோ மாற்றினால் இந்தத் தொல்லை தீரும்.

இன்னொன்று, பழைய சேமிப்பைத் திறந்து பார்த்துவிட்டு "மாறவில்லை" என்று சொல்லாதீர்கள். யார் எங்கே தொடங்குகிறார்கள் என்பது புதிய போர்த்தொடர் தொடங்கும் கணத்தில் மட்டும் படிக்கப்படும். சேமித்த ஆட்டத்தில் மிலன் ஏற்கெனவே பிறந்துவிட்டது.

அறிகுறி: போர்த்தொடரைத் தேர்ந்தெடுத்தால் ஏற்றும் திரை வந்துவிட்டு, முதல் பட்டியலுக்கே திரும்புகிறது

இதுதான் எல்லோருக்கும் வருவது. பயப்பட வேண்டியதில்லை, உண்மையில் இது நல்ல அறிகுறி. ஆட்டம் உங்கள் கோப்பைப் படித்திருக்கிறது, ஏதோ ஒரு வரி புரியாமல் திரும்பியிருக்கிறது. எந்த வரி என்பதை அதுவே எழுதியும் வைத்திருக்கும்.

லாக்ஸ் அடைவில் இருக்கும் பதிவுக் கோப்பைத் திறங்கள். அமைப்புக் கோப்பின் லாக் பகுதியில் அளவை ட்ரேஸ் என்று வைத்திருந்தால் விவரம் கூடுதலாகக் கிடைக்கும். கோப்பின் கடைசிக்குப் போய் மேல்நோக்கிப் படியுங்கள். ஸ்கிரிப்ட் எரர் என்று தொடங்கி, எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, எத்தனையாவது எழுத்து என்று சொல்லியிருக்கும். வரி எண் காட்டும் நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்ற திருத்தியில் அந்த வரிக்குப் போங்கள். பல நேரம் பிழை அந்த வரியில் இருக்காது, அதற்கு மேலே இருக்கும். மூடாத அடைப்பைத் தாண்டிச் சில வரிகள் படித்த பிறகுதான் ஆட்டத்துக்குச் சந்தேகமே வருகிறது.

பெரும்பாலும் டெஸ்க்ர் ஸ்ட்ராட் கோப்புதான் குற்றவாளி. இம்பீரியல் கேம்பெய்ன் அடைவில் இருக்கும் இந்த ஒரு கோப்பில்தான் 1080-ஆம் ஆண்டில் யார் யார், எங்கே, எத்தனை படையோடு நிற்கிறார்கள் என்ற முழுக் கதையும் இருக்கிறது. மிலனைக் காலி செய்ய நான் போகும் வழியைச் சொல்கிறேன். உங்கள் கோப்பை இதோடு ஒப்பிட்டால் எங்கே விட்டீர்கள் என்று தெரிந்துவிடும்.

கோப்பின் தலைப்பகுதியில் மூன்று பட்டியல்கள் உண்டு: தொடக்கத்திலிருந்தே ஆடக்கூடியவை, ஆடித் திறக்க வேண்டியவை, ஆட முடியாதவை. ஒவ்வொன்றும் எண்ட் என்ற சொல்லோடு முடியும். மிலன் இரண்டாவது பட்டியலில் இருக்கிறது. அதை வெட்டி மூன்றாவது பட்டியலில், மங்கோலியர், தைமூரியர் பக்கத்தில் போடுங்கள். வெட்டும்போது எண்ட் சொல்லும் சேர்ந்து போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் மருமகனின் முதல் பிழை அதுதான்.

அடுத்து மிலனின் தொகுதிக்கு வாருங்கள். ஃபேக்ஷன் என்ற சொல்லோடு தொடங்கும். தொடக்கத்தில் மிலனுக்கு இரண்டே நகரங்கள்தான், மிலனும் ஜெனோவாவும். பழகுவதற்கு இதைவிட எளிய தரப்பு கிடைக்காது. ஜெர்மானியப் பேரரசை எடுக்க நினைத்தால் ஆறு நகரங்களை இடம் மாற்ற வேண்டும். மிலனின் இரண்டு செட்டில்மெண்ட் தொகுதிகளையும், திறக்கும் நெளிவடைப்பு முதல் அதை மூடும் அடைப்பு வரை, அப்படியே வெட்டுங்கள். கோப்பின் பிற்பகுதியில் ஸ்லேவ் என்ற பெயரில் ஒரு தரப்பு இருக்கும். ஆட்டத்தில் கலகக்காரர்கள் என்று வருகிறவர்கள் இவர்களே. அவர்களுடைய நகரங்களின் வரிசையில் அந்த இரண்டையும் ஒட்டுங்கள். ஒவ்வொரு நகரத் தொகுதிக்குள்ளும் கட்டடங்களுக்கெனச் சின்ன அடைப்புகள் இருப்பதால் எண்ணிக்கை தவறுவது எளிது. திருத்தியில் ஓர் அடைப்பின்மேல் சுட்டியை வைத்தால் அதன் இணை ஒளிரும், அதைப் பார்த்து வெட்டுங்கள்.

பிறகு மிலனின் ஆட்கள்: அரசர், வாரிசு, தளபதிகள், தூதர், இளவரசி, கப்பல். கேரக்டர் என்று தொடங்கும் வரிகளையும் அவற்றின் கீழுள்ள படை வரிகளையும் எடுத்துவிடுங்கள். வரைபடத்தில் நிற்காத உறவினர்களுக்கு கேரக்டர் ரெகார்ட் என்ற வரிகள் உண்டு. கடைசியில் ரெலேட்டிவ் என்று குடும்ப மரத்தைச் சொல்லும் வரிகளும் இருக்கும். இவை இரண்டையும் மறந்துவிடுவார்கள். தந்தையை நீக்கிவிட்டு மகனின் உறவு வரியை விட்டால், இல்லாத ஆளைத் தேடி ஆட்டம் நின்றுவிடும்.

இப்போது மிலன் தொகுதியில் மிஞ்சுவது சில வரிகள்தான்: பெயர் வரி, ஏஐ லேபிள், கருவூலப் பணம். மங்கோலியரின் தொகுதியைப் போய்ப் பாருங்கள். டெட் அன்டில் ரிசரெக்டட் என்று ஒரு வரி இருக்கும். "எழுப்பப்படும் வரை இறந்ததாகக் கொள்" என்பது அதன் பொருள். ஆட்டம் தொடங்கும்போது வரைபடத்தில் இல்லாத தரப்புக்கு ஆட்டத்தை உருவாக்கியவர்களே வைத்த அடையாளம் அது. அதே வரியை, அதே இடத்தில், மிலனின் தொகுதியிலும் போடுங்கள். மிலன் இப்போது காலி. பெயர் இருக்கிறது, ஆள் இல்லை.

கடைசியாக, கோப்பின் அடியில் தரப்புகளுக்கு இடையிலான உறவுகள் இருக்கும். ஃபேக்ஷன் ஸ்டாண்டிங்ஸ் என்பது மனநிலை, ஃபேக்ஷன் ரிலேஷன்ஷிப்ஸ் என்பது கூட்டணியும் போரும். மிலன் தொடங்கும் வரிகளையும், மற்றவர்களின் வரிகளில் மிலன் வரும் இடங்களையும் எடுத்துவிடுங்கள். ஒரு வரியில் பல பெயர்கள் இருந்தால் காற்புள்ளியையும் கவனியுங்கள். இரண்டு பெயர்களுக்கு நடுவே மிஞ்சும் இரட்டைக் காற்புள்ளி, வரிக் கடைசியில் தொங்கும் ஒற்றைக் காற்புள்ளி, இரண்டுமே ஆட்டத்தை நிறுத்தும்.

அழிப்பதற்குப் பதிலாக வரியின் முன்னால் அரைப்புள்ளி போட்டாலும் ஆட்டம் அந்த வரியைப் படிக்காது. நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். திரும்பிப் பார்க்க வசதியாக இருக்கும்.

அறிகுறி: "குறிப்பிடப்படாத பிழை" என்று ஒரு பெட்டி வந்து ஆட்டம் மூடிக்கொள்கிறது

முந்தையதைவிட இது கொஞ்சம் மோசம். எங்கே என்று ஆட்டம் சொல்லாது, பதிவுக் கோப்பின் கடைசி வரியைக் கொண்டு நாம்தான் ஊகிக்க வேண்டும்.

எப்போது மூடுகிறது என்பதுதான் முதல் கேள்வி. முதல் பட்டியல் வருவதற்குள்ளேயே மூடினால் நீங்கள் டெஸ்க்ர் எஸ்எம் ஃபேக்ஷன்ஸ் கோப்பில் கை வைத்திருக்கிறீர்கள். அங்கே மிலனின் தொகுதியை அழித்தால் படைகளின் உரிமை வரிகளிலும், கட்டடக் கோப்பிலும், பெயர்க் கோப்பிலும், உருவ மாதிரிகளின் கோப்பிலும் மிலன் அநாதையாக நிற்கும். அந்தக் கடைசிக் கோப்பு எழுத்து எண்ணிக்கை வரை பார்க்கும். கையால் திருத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கோப்புகள் எல்லாவற்றையும் காப்பிலிருந்து மீட்டுவிடுங்கள், வேறு மருந்து தேட வேண்டாம். மிலனைத் தனிப்போர்ப் பட்டியலிலும் பார்க்க விரும்பவில்லையென்றால் அதே கோப்பில் மிலனின் தொகுதிக்குள் கஸ்டம் பேட்டில் அவைலபிலிட்டி என்ற வரி இருக்கிறது. யெஸ் என்பதை நோ ஆக்கினால் போதும்.

பட்டியல் வந்து, போர்த்தொடரும் ஏறி, வரைபடம் தெரியும் நேரத்தில் மூடினால் ஆட்களின் இடம்தான் காரணமாக இருக்கும். இரண்டு படைகள் ஒரே கட்டத்தில் நிற்கலாகாது, கடலிலோ மலையிலோ தரைப்படை நிற்கலாகாது. கலகக்காரர்களுக்குக் காவற்படை சேர்க்கும்போது இந்தத் தவறு நிறைய நடக்கும். அதைக் கீழே சொல்கிறேன்.

போர்க்களம் ஏறும்போது மூடுகிறதா? பொதிகளைப் பிரித்த பிறகு வரும் பழைய வியாதி இது, மிலனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டேட்டா அடைவில் டெஸ்க்ர் ஜியோகிராஃபி நியூ என்ற பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கும், ஒன்று உரை, மற்றது டிபி. இரண்டையும் அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

போப்பாண்டவரின் தரப்பை எடுத்திருந்தால், திருப்பி வைத்துவிடுங்கள். போப், கார்டினல்களின் சபை, சிலுவைப்போர் அழைப்பு எல்லாம் ஆட்டத்தின் நிரலுக்குள்ளேயே அந்தத் தரப்போடு பிணைந்திருக்கின்றன. உரைக் கோப்பால் அந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. ஸ்லேவ் தரப்பும் அப்படியே. நிலமெல்லாம் கடைசியில் அவர்களிடம்தான் விழ வேண்டும், அவர்கள் இல்லாமல் வரைபடமே கிடையாது.

அறிகுறி: எல்லாம் சரியாக எழுதியும் பதிவுக் கோப்பு முதல் வரியையே குறை சொல்கிறது

கோப்பைச் சேமித்த குறியாக்கத்தைப் பாருங்கள். ஸ்ட்ராட் போன்ற கோப்புகள் சாதாரண ஏஎன்எஸ்ஐ உரை. பிஓஎம் சேர்ந்த யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் முதல் எழுத்துக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று வந்து உட்காரும். டெக்ஸ்ட் அடைவில் இருக்கும் கோப்புகள் இதற்கு நேர்மாறு, அவை யூடிஎஃப்-16. தமிழில் தட்டச்சு செய்யும் நம்மில் பலர் திருத்தியை எப்போதும் யூடிஎஃப்-8-இல் வைத்திருப்போம், அதனால் இது நமக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும். கோப்புப் பெயரின் வாலில் டிஎக்ஸ்டி இரண்டு முறை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: மாகாணக் கோப்பில் செய்த மாற்றம் மட்டும் வரவில்லை

பேஸ் அடைவில் மேப் என்ற பெயரும் ஆர்டபிள்யூஎம் என்ற வாலும் கொண்ட கோப்பை அழியுங்கள். அது வரைபடத்தின் முன்கூட்டிச் சமைத்த வடிவம். அது இருக்கும் வரை ஆட்டம் புதிய மாகாண விவரங்களைப் படிக்காது. அழித்தால் அடுத்த முறை தானாகவே புதிதாக உண்டாக்கிக்கொள்ளும், அப்போது ஏற்றும் நேரம் சற்று நீளும்.

டெஸ்க்ர் ரீஜன்ஸ் கோப்பில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் அதை உருவாக்கிய தரப்பு என்று ஒரு பெயர் இருக்கும். மிலன் பெயர் அங்கே இருந்தால் அப்படியே விடுங்கள். அழிக்காமல் காலி செய்வதன் வசதி இங்கேதான் தெரியும், இந்தக் கோப்பைத் தொடவே வேண்டியதில்லை.

அறிகுறி: மங்கோலியரை நீக்கியும் அவர்கள் வந்து சேர்கிறார்கள்

ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கும் என் நண்பரின் பிரச்சினை இது. பைசாந்தியத்தை ஆடுகிறவர் அவர். வார இறுதிகளில் மட்டும் ஆடி, மாதக்கணக்கில் கட்டிய பேரரசு கிழக்கிலிருந்து வரும் குதிரைப்படைகளால் குலையும்போது அவருக்கு மனம் தாங்கவில்லை. ஸ்ட்ராட் கோப்பில் மங்கோலியரின் பணத்தைப் பூஜ்யமாக்கிப் பார்த்தார். பெயரை எடுத்துப் பார்த்தார், ஆட்டம் திறக்கவில்லை.

மங்கோலியரும் தைமூரியரும் ஸ்ட்ராட் கோப்பில் ஏற்கெனவே காலியான தரப்புகள்தான், அங்கே எடுக்க எதுவும் இல்லை. அவர்கள் வரும் காலத்தை டெஸ்க்ர் ஈவென்ட்ஸ் கோப்பு சொல்கிறது, அவர்களின் படைகளை இறக்குவது கேம்பெய்ன் ஸ்கிரிப்ட் கோப்பு. இரண்டாவதில் ஸ்பான் ஆர்மி என்ற கட்டளையைத் தேடுங்கள். அதன் கீழே தரப்பின் பெயர், தளபதி, நிற்கும் இடம், படைகள் என்று வரிசையாக இருக்கும். இந்தக் கட்டளைகள் மானிட்டர் ஈவென்ட் என்று தொடங்கி எண்ட் மானிட்டர் என்று முடியும் தொகுதிகளுக்குள் அடங்கியிருக்கும். உள்ளே இஃப், எண்ட் இஃப் இணைகளும் உண்டு.

நண்பர் ஸ்பான் ஆர்மி வரிகளை மட்டும் அழித்து, கீழுள்ள படை வரிகளை விட்டுவிட்டார். அதனால் இன்னொரு அறிகுறி முளைத்தது: ஆட்டம் திறக்கிறது, மங்கோலியர் வரவில்லை, அதோடு ஸ்கிரிப்டில் இருந்த மற்ற நிகழ்வுகளும் நின்றுபோயின. ஸ்கிரிப்டின் ஒரு முடிச்சு அவிழ்ந்தால் முழு ஸ்கிரிப்டும் சத்தமில்லாமல் நின்றுவிடலாம். ஆகவே தொடங்கும் மானிட்டர் முதல் அதன் எண்ட் மானிட்டர் வரை முழுத் தொகுதிக்கும் அரைப்புள்ளி போடுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள். கோப்பின் கடைசியில் இருக்கும் வெய்ட் மானிட்டர்ஸ், எண்ட் ஸ்கிரிப்ட் இரண்டையும் தொடாதீர்கள்.

"படையெடுப்பு வரப்போகிறது" என்ற எச்சரிக்கை மட்டும் வந்து படை வராமல் இருந்தால், ஈவென்ட்ஸ் கோப்பில் அந்த நிகழ்வை விட்டுவிட்டீர்கள். அதற்கும் அரைப்புள்ளி போடுங்கள். ஸ்கிரிப்டை மாற்றிய பிறகு பழைய சேமிப்பைத் தொடர வேண்டாம். முழு ஆட்டமும் 1080 முதல் 1530 வரை, சுற்றுக்கு 2 ஆண்டுகளாக 225 சுற்றுகள். நண்பர் ஏறத்தாழ நூறாவது சுற்றில் இருந்தார், மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னேன். முகம் வாடியது, ஆனாலும் தொடங்கினார்.

அறிகுறி: வெற்றி இலக்கில் மிலன் இன்னும் நிற்கிறது

குறுகிய போர்த்தொடரில் நிலம் பிடிப்பதோடு குறிப்பிட்ட எதிரிகளை ஒழிப்பதும் சிலருக்கு இலக்கு. அது டெஸ்க்ர் வின் கண்டிஷன்ஸ் கோப்பில் இருக்கிறது. மிலனை எதிரியாகக் கொண்டவரின் வரியில் மிலனை எடுத்துவிட்டு வேறு தரப்பின் பெயரை எழுதுங்கள். இல்லாவிட்டால் முதல் சுற்றிலேயே பாதி இலக்கு முடிந்ததாகக் கணக்காகிவிடும்.

அறிகுறி: ஆட்டம் ஓடுகிறது, ஆனால் வட இத்தாலியை யாரோ இரண்டே சுற்றில் விழுங்கிவிடுகிறார்கள்

பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனாலும் இதைச் சரிசெய்யாமல் விட்டால் நீக்கியதன் பயனே போய்விடும்.

கணினித் தரப்புகளுக்குப் பக்கத்தில் கலகக்காரர் நகரம் இருந்தால் முதலில் அதைத்தான் பிடிக்கும். பிடித்தால் யாரோடும் உறவு கெடாது. மிலனும் ஜெனோவாவும் பணக்கார நகரங்கள். பக்கத்திலேயே ஃபுளோரன்ஸ் தொடக்கத்திலிருந்தே கலகக்காரர் கையில், பொலோனா ஜெர்மானியப் பேரரசின் கையில். காவலில்லாத இரண்டு நகரங்களை அந்த இடத்தில் வைத்தால் பேரரசோ வெனிஸோ அப்படியே அள்ளிக்கொண்டு போகும். மிலன் போன இடத்தில் அதைவிடப் பெரிய தொல்லை வளரும்.

அதனால் ஸ்லேவ் தொகுதியில் இரண்டு நகரங்களுக்கும் நல்ல காவற்படை வையுங்கள். அதே தொகுதியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கலகத் தளபதியின் வரிகளை நகலெடுத்து, எக்ஸ், ஒய் எண்களை நகரத்தின் எண்களாக மாற்றுங்கள். அந்த எண்களை எங்கே தேடுவது? நீங்கள் அரைப்புள்ளி போட்டு வைத்த மிலன் தளபதிகளின் வரிகளிலேயே இருக்கின்றன, நகரத்துக்குள் நின்றவர்களின் எண்கள்தான் நகரத்தின் எண்கள். ஒரு நகரத்துக்கு ஒரே தளபதி. அவர் கீழே படைகளை அடுக்குங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். மிலனின் பழைய தளபதி வரியை அப்படியே கலகக்காரருக்குக் கொடுத்தால் அதில் நேம்ட் கேரக்டர், லீடர், ஹெய்ர் போன்ற சொற்கள் வரும். கலகக்காரருக்குக் குடும்ப மரமே கிடையாது, அங்கே வெறும் ஜெனரல்தான். அடுத்து, கலகத் தளபதியின் வரியில் சப் ஃபேக்ஷன் என்று ஒரு தரப்பின் பெயர் இருக்கும். அவருக்குப் பெயர் அந்தத் தரப்பின் பெயர்ப் பட்டியலிலிருந்து வரும். அங்கே மிலன் என்று எழுதலாம், ஏனென்றால் மிலனின் பெயர்ப் பட்டியலை நாம் அழிக்கவில்லை. இத்தாலியப் பெயருள்ள ஒருவர் மிலன் நகரைத் தன் சொந்தக் கையில் வைத்திருப்பார். அந்தக் காலத்து வட இத்தாலிய நகரங்கள் கிட்டத்தட்ட அப்படித்தான் தனித்தனியாக நின்றன, அதனால் எனக்கு இது பிடித்திருக்கிறது.

எத்தனை படை வைப்பது? ஒவ்வொரு நகரத்துக்கும் எட்டு வைத்துத் தொடங்குங்கள், ஈட்டிக்காரர்களும் வில்லாளிகளும் கலந்து. பிறகு முப்பது சுற்று ஓட விட்டுப் பாருங்கள். ஆட்டத்துக்குள் கட்டளைப் பெட்டியைத் திறந்து டாகிள் எஃப்ஓடபிள்யூ என்று தட்டினால் வரைபடத்தின் மூடுபனி விலகி எல்லார் நிலமும் தெரியும். முப்பதாவது சுற்றிலும் யாரும் நெருங்கவில்லையென்றால் படை அதிகம், குறையுங்கள். ஐந்தாவது சுற்றுக்குள் விழுந்தால் கூட்டுங்கள். இந்த ஒரு வேலைக்கு நானும் அவனும் இரண்டு சனிக்கிழமைகள் செலவழித்தோம், அது வீணாகவில்லை.

நிஜ வரலாற்றிலும் ஒருவர் மிலனை நீக்கிப் பார்த்தார். பேரரசர் ஃபிரெடரிக் பார்பரோசா 1162-இல் அந்த நகரத்தை இடித்துத் தள்ளி மக்களை வெளியேற்றினார். 1167-இல் லொம்பார்டிய நகரங்கள் கூட்டணி சேர்ந்து அதை மறுபடி எழுப்பின, 1176-இல் லென்யானோவில் அந்தக் கூட்டணி அவரையே தோற்கடித்தது. நான் இதைச் சொன்ன பிறகுதான் மருமகன் காவற்படையைக் கூட்டச் சம்மதித்தான். காலியாக விட்டால் கதை நடக்காது என்பது அவனுக்குப் புரிந்தது.

அறிகுறி: மிலன் போய்விட்டது, முதுகில் குத்துவது போகவில்லை

இப்போது வெனிஸ் அதையே செய்கிறது என்று நேற்று மறுபடி படம் அனுப்பினான்.

மிலனின் குணம் எந்தக் கோப்பிலும் எழுதி வைக்கப்படவில்லை. தரப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஸ்மித், நெப்போலியன், சீசர் என்றெல்லாம் வரும் சொற்கள், அது எவ்வகைப் படையை விரும்பும் என்பதைத்தான் சொல்கின்றன, நம்பிக்கைத் துரோகத்தை அல்ல. மிலன் குத்தியதற்குக் காரணம் அதன் இடம். இரண்டு நகரங்கள், சுற்றிலும் பெரியவர்கள், பக்கத்துக் கலக நகரங்கள் தீர்ந்ததும் விரிய வேறு வழி கிடையாது. அதே இடுக்கில் யாரை உட்கார வைத்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

குறைக்க வேண்டுமென்றால் இரண்டு இடங்களில் கை வைக்கலாம். ஃபேக்ஷன் ஸ்டாண்டிங்ஸ் வரிகளில் எண்கள் மைனஸ் ஒன்று முதல் ஒன்று வரை போகும். உங்கள் தரப்புக்கும் வெனிஸுக்கும் நடுவே நல்ல எண்ணோடு தொடங்குங்கள். இன்னொன்று, எல்லை நகரங்களில் உங்கள் காவற்படையைக் குறைக்காமல் வைத்திருப்பது. கணினி மெலிந்த நகரத்தைப் பார்த்துத்தான் வருகிறது. இதற்கும் ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு டெஸ்க்ர் கேம்பெய்ன் ஏஐ டிபி என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கிறது. யாரை எப்போது தாக்கலாம், எப்போது சமாதானம் பேசலாம் என்ற விதிகள் அங்கே உள்ளன. ஒரு நேரத்தில் ஒரே ஓர் எண்ணை மாற்றுங்கள், முப்பது சுற்று ஓட்டுங்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெனிஸையும் எடுத்துவிடவா மாமா என்று கேட்டான். அதன் நகரங்களான ரகூசா, இராக்லியான், வெனிஸ் மூன்றுக்கும் காவற்படை எழுத வேண்டும், கப்பல்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றேன். சனிக்கிழமை மடிக்கணினியோடு தெம்பனிஸுக்கு வருகிறான்.